எயார்போர்ட் எக்ஸ்பிரஸ்ல ஏறலாமா வேணாமா: மலையகத்துல இருந்து வெளிய போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டு எயார்போர்ட்ல பேக் எல்லாம் எடுத்துட்டு வெளிய வாற நேரம், சிட்டிக்கு 15 நிமிஷம், 28 நிமிஷம்னு பெரிசா எழுதின எயார்போர்ட் எக்ஸ்பிரஸ் ரயிலோட போர்டுதான் மொதல்ல கண்ணுல படும். பக்கத்துலயே டிக்கட் மெஷின், யூனிஃபோர்ம் போட்ட ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டு நிக்கும். அதே எடத்துல இருந்து பாதி விலைக்கு, சில ஊர்ல கால்வாசி விலைக்குப் போற சாதாரண ரயிலும் இருக்கும், ஆனா அதோட போர்டு எங்கயாவது தூண் மறைவுல சின்னதா தொங்கிக்கிட்டு இருக்கும். ராத்திரி பூரா தூங்காம வந்த ஆளு போர்டு தேடவா போறான், கண்ணு முன்னாடி இருக்கிறதுல கார்டைத் தேய்ச்சுட்டு ஏறிடுவான், அந்த மெஷினை அங்க வச்சதே அதுக்குத்தானே.

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, மாத்தளை பக்கமெல்லாம் இருந்து இப்ப படிக்கப் போறாங்க, வேலைக்குப் போறாங்க, மக வீட்டுல பேரப்புள்ள பார்க்க அம்மாமாரும் தனியாப் போறாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். விலை எல்லாம் வருசா வருசம் ஏறி எறங்கும், நான் சொல்றதை ஒரு கணக்குக்கு வச்சுக்கிட்டு போற கிழமை ஒருக்கா அந்தந்த ரயிலோட சைட்ல பார்த்துக்கங்க.

மொதல்ல படுக்கப் போற வீடு எங்கனு கேளுங்க

எயார்போர்ட் எக்ஸ்பிரஸ்காரங்க சொல்ற நிமிஷம் எல்லாம் அவங்க கடைசி ஸ்டேஷன் வரைக்கும்தான். நம்ம ஆளுங்க யாரு சிட்டி நடுவுல குடியிருக்காங்க? லண்டன்னா ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், டொரண்டோன்னா ஸ்காபரோ, சிட்னின்னா மேற்குப் பக்கம் வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில். அதனால டிக்கட் பார்க்கிறதுக்கு முந்தி சொந்தக்காரங்களுக்கு வாட்ஸப்ல ஒரே ஒரு கேள்வி அனுப்புங்க: "உங்க வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஸ்டேஷன் பேர் என்ன, அங்க லிஃப்ட் இருக்கா?" ரெண்டாவது பாதியை மறந்துடாதீங்க. 23 கிலோ கார்ட்போர்ட் பெட்டி, நைலோன் கயிறு போட்டு இறுக்கி, நாலு பக்கமும் மார்க்கர்ல பேர் எழுதி, உள்ள தேயிலைத்தூள், மாசி சம்பல், அரிசி மா, அதைத் தூக்கிக்கிட்டு அண்டர்கிரவுண்ட் படியில ஒவ்வொரு படியா ஏறும்போது கயிறு கையை அறுக்கும், பின்னால வாறவன் "சொரி சொரி"னு தள்ளிக்கிட்டுப் போவான். அந்த நேரம் மிச்சம் புடிச்ச அஞ்சு பவுண் ஞாபகத்துக்கே வராது.

லண்டன்: ஒரே மேடை, ரெண்டு விலை

இது கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா எயார்போர்ட் ரயிலுக்குனு தனியா கூடின விலை வாங்கலாமாங்கிற சண்டை முழுசையும் இங்கயே பார்க்கலாம். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் 1998ல தொடங்கினது, ஹீத்ரோ எயார்போர்ட்ல இருந்து லண்டன் பாடிங்டன் ஸ்டேஷனுக்கு எங்கயும் நிக்காம 15 நிமிஷம், போற அன்னைக்கே டிக்கட் வாங்கினா ஆளுக்கு 25 பவுண். 2022 மே மாசம் எலிசபெத் லைனை திறந்தாங்க, அதுவும் அதே தண்டவாளத்துல அதே பாடிங்டனுக்குத்தான் வருது, அரை மணித்தியாலத்தை ஒட்டி எடுக்கும், ஆனா பாடிங்டனோட நிக்காம சிட்டியை ஊடறுத்துக் கிழக்குப் பக்கம் வரைக்கும் போகும், விலை 25ல பாதிக்குக் கொஞ்சம் மேல. மூணாவது பிக்கடில்லி லைன் அண்டர்கிரவுண்ட் ரயில், 1977ல இருந்து ஓடுது, நடு லண்டனுக்கு ஒரு மணித்தியாலம் கிட்ட ஆகும், 6 பவுணை ஒட்டித்தான் வரும்.

இப்ப கணக்குப் போடுங்க. ஈஸ்ட்ஹாமுக்குப் போறவங்க பிக்கடில்லியில வந்து பேரன்ஸ் கோர்ட்ல எறங்கினா அதே மேடையோட எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் வரும், படியே ஏற வேணாம், அது நேரா ஈஸ்ட்ஹாம் போகும். இல்ஃபோர்ட் போறவங்க எலிசபெத் லைன்ல ஏறி வைட்சப்பல்ல மாறினாப் போதும். ஹரோ போறவங்க ரயில் பக்கமே போக வேணாம், ஹீத்ரோவுல இருந்தே எஸ்எல்9னு ஒரு சூப்பர்லூப் பஸ் ஹரோவுக்கு ஓடுது, ரெண்டு பவுண் அளவுதான். ஹரோவுக்குப் போறவன் பாடிங்டன் போறது, அட்டன்ல இருந்து நானுஓயாவுக்குப் போக கண்டி சுத்தின மாதிரி.

கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. டெர்மினல் 2, 3 ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸும் எலிசபெத் லைனும் ஒரே மேடைக்குத்தான் வரும். பேங்க் கார்டைத் தட்டி உள்ள போய்ட்டு, வந்த ரயில்ல சட்டுனு ஏறினா, அது எக்ஸ்பிரஸா இருந்தா 25 பவுண் கழிஞ்சிடும். ரயில் பெட்டியோட கலரைப் பாருங்க, மேல ஓடுற போர்டைப் பாருங்க, அதுக்கப்புறம் காலை வைங்க. இன்னொண்ணு, ஒரு கார்டைத் தட்டி ரெண்டு பேர் போக முடியாது, பெரியாக்கள் ஒவ்வொருத்தருக்கும் தனிக் கார்டு வேணும், நம்ம ஊர் பேங்க் கார்டுன்னா வெளிநாட்டுக் கட்டணம் வேற மேல போடுவாங்க, ரெண்டு மூணு கிழமை இருக்கப் போறீங்கன்னா காசு போட்டு வச்சுத் தட்டுற லண்டன் ஒய்ஸ்டர் கார்டு வாங்குறது நல்லது.

அதுக்காக எக்ஸ்பிரஸே ஆகாதுனு நான் சொல்ல மாட்டேன். நாள் நிச்சயமாத் தெரிஞ்சு ரொம்ப முந்தியே ஓன்லைன்ல எடுத்தா 10 பவுணுக்கும் கிடைக்கிறது உண்டு, 15 வயசு வரைக்கும் புள்ளைங்களுக்கு சும்மா. ஒரு பெரிய ஆளு, மூணு புள்ளை, பாடிங்டன் பக்கத்துலயே ஹோட்டல், முந்தியே எடுத்த டிக்கட், இப்படின்னா தாராளமா ஏறுங்க.

டொரண்டோ: விலையைக் குறைச்சு தப்பிச்ச ரயில்

யூபி எக்ஸ்பிரஸ் 2015 ஜூன் மாசம், பான் அம் விளையாட்டுப் போட்டிக்குக் கொஞ்சம் முந்தி திறந்தது. பியர்சன் எயார்போர்ட்ல இருந்து யூனியன் ஸ்டேஷனுக்கு 25 நிமிஷம், விலை 27.50 டொலர், காசு போட்டு வச்சுத் தட்டுற பிரெஸ்டோ கார்டு இருந்தா 19. கம்பெனிச் செலவுல வாற ஆளுங்க எப்படியும் குடுப்பாங்கனு நெனச்சுப் போட்ட விலை அது. நடந்தது என்னன்னா பெட்டி எல்லாம் காலியா ஓடிச்சு, அந்தத் தண்டவாளத்துப் பக்கத்துல குடியிருக்கிற சனம் வீட்டு ஜன்னல் வழியா ஆளில்லாத ரயிலைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு, அவங்க வரிக்காசுலதானே கட்டினது, பேச்சு வந்துருச்சு. 2016 மார்ச்ல 12 டொலர், பிரெஸ்டோல 9னு எறக்கினாங்க, அதுக்கப்புறம்தான் கூட்டம் வந்துச்சு, எயார்போர்ட்டுக்கே போகாத ஆளுங்களும் வெஸ்டன், ப்ளோர் ஸ்டேஷன்ல ஏறி வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க.

நீங்க செய்ய வேண்டியது: ஸ்காபரோவுக்குன்னா யூனியன் வரைக்கும் போகாம ப்ளோர் ஸ்டேஷன்ல எறங்கினா கிட்டத்துலயே டன்டாஸ் வெஸ்ட் சப்வே, அங்க லைன் 2 புடிச்சு கெனடி ஸ்டேஷன். இன்னும் மிச்சம் புடிக்கணும்னா எயார்போர்ட்ல 900 பஸ்ல ஏறுங்க, கிப்ளிங் ஸ்டேஷன்ல விடும், அங்க இருந்து அதே லைன் 2 கிழக்குக் கோடி கெனடி வரைக்கும், முழுப் பயணமும் டிடிசினு சொல்ற டொரண்டோ ஊர்ப் போக்குவரத்தோட ஒரே கட்டணத்துல முடிஞ்சிடும். நேரம் கூடத்தான், ஆனா உக்கார எடம் கிடைக்கும், ஏன்னா கிப்ளிங்லதான் ரயில் தொடங்குது. கெனடிக்கு அந்தப் பக்கம் முந்தி ஓடின சின்ன ரயிலை 2023ல நிப்பாட்டிட்டாங்க, பழைய ஆளுங்க சொல்ற வழியை நம்பிப் போகாதீங்க, இப்ப பஸ்தான். பனிக்காலத்துல ராத்திரி போய் எறங்குறவங்க இந்தக் கணக்கை எல்லாம் விட்டுட்டு மச்சானைக் காரோட வரச் சொல்லுங்க.

கோலாலம்பூர், சிட்னி

கோலாலம்பூர் எயார்போர்ட்டோட கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் 2002ல இருந்து ஓடுது, 57 கிலோமீட்டர், சிட்டி ஸ்டேஷன் கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிஷம், டெர்மினல் 2ல இருந்து 33. விலை 35 ரிங்கிட்டா இருந்து 2016ல ஒரேயடியா 55 ஆச்சு. அதே தண்டவாளத்துல ட்ரான்சிட்னு எடையில மூணு ஸ்டேஷன்ல நின்னு போற ரயிலும் இருக்கு, ஆனா லண்டன் மாதிரி இல்ல, சென்ட்ரல் வரைக்கும் போனா அதுக்கும் 55தான், அதனால நின்னு போற ரயில்ல ஏறி மிச்சம் புடிக்கலாம்னு நெனக்காதீங்க. மிச்சம் புடிக்கணும்னா பஸ், 15 ரிங்கிட்டை ஒட்டி வரும், ரோட் காலியா இருந்தா ஒரு மணித்தியாலம்.

தனி ஆளா பிரிக்ஃபீல்ட்ஸ்ல தங்கப் போறீங்கன்னா எக்ஸ்பிரஸ் சரி, கேஎல் சென்ட்ரல்ல இருந்து நடந்தே போய்டலாம், வாசல்லயே தோசைக்கடை. நாலு பேரா போறீங்கன்னா நாலு அம்பத்தஞ்சு 220 ரிங்கிட், க்ராப் கார் வீட்டு வாசல் வரைக்கும் அதுல பாதிக்குள்ள வந்துரும். கிள்ளான் போறவங்க கேஎல் சென்ட்ரலுக்குப் போறதே வீண், எயார்போர்ட்ல இருந்து நேரா பஸ் இருக்கானு கேளுங்க.

சிட்னி வேற மாதிரி. அங்க ரயில் சாதாரண ரயில், சீட்டும் சாதாரண சீட்டு, ஆனா எயார்போர்ட் ஸ்டேஷன் தனியார் கையில, அந்தக் கேட்டைத் தாண்டுறதுக்கு மட்டும் ஆளுக்கு 17 டொலருக்கு மேல தனியாக் கழிப்பாங்க. ஒரு நிமிஷம்கூட சீக்கிரம் போகாது, கேட்டுக்குத்தான் காசு. அங்க உள்ளவங்க செய்றது 420 பஸ்ஸைப் புடிச்சு அடுத்த ஸ்டேஷன் மாஸ்கொட்ல எறங்கி ரயில் ஏறுறது. ஒரு பேக் மட்டும்னா நீங்களும் அதைச் செய்யலாம், ரெண்டு பெட்டின்னா பஸ்ல அடிச்சுப் புடிச்சு ஏத்துறதை விட காரைக் கூப்பிட்டுடுங்க. ஸ்டொக்ஹோம்லயும் இதே வேலை உண்டு, சாதாரண ரயில்ல போனாலும் எயார்போர்ட் ஸ்டேஷனைக் கடக்கத் தனிக் கட்டணம்.

கூட விலையே இல்லாத ஊர்கள்

சென்னைக்குப் போறவங்க கவலைப்பட வேணாம். மெட்ரோ 2016ல எயார்போர்ட்டுக்கு வந்துட்டது, மெட்ரோவோட ஆகக் கூடின கட்டணமே 50 இந்திய ரூபாய். அதையும் விடக் குறைவுன்னா எதிர்த்தாப்புல திரிசூலம் ஸ்டேஷன், மின்சார ரயில்ல எழும்பூர் போக பத்து ரூபாய்த் தாளே போதும், ஆனா காலையில எட்டு ஒன்பதுக்குப் பெட்டியோட அதுல ஏறப் பார்க்காதீங்க. சிங்கப்பூர் எம்ஆர்டி, துபாய் மெட்ரோ எல்லாம் ஊர்ச் சனம் போற அதே விலைதான். துபாய்ல டெர்மினல் 1, 3க்குத்தான் மெட்ரோ, டெர்மினல் 2ல எறங்கினா இல்ல, நடுராத்திரியில ஓடவும் ஓடாது, கல்ஃப் வேலைக்குப் போறவங்க ஃப்ளைட் எத்தனை மணிக்கு எறங்குதுனு பார்த்துட்டு ஏஜென்சியையே கூட்டிப் போகச் சொல்லிக் கேளுங்க, கேக்கிறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

அப்ப எப்பதான் கூடக் குடுக்கலாம்

நான் பார்க்கிறது தலைக்கணக்கு, பெட்டிக்கணக்கு, எறங்கின பொறகு மாறுற கணக்கு, இந்த மூணையும்தான். ஒரே ஆளு, கையில ஒரு பேக், ரயில் நிக்கிற எடத்துல இருந்து நடக்கிற தூரத்துல ரூம், இல்லன்னா ரெண்டு மணித்தியாலத்துல ஒரு இன்டர்வியூ, ஒரு எம்பசி வேலை, அப்படின்னா காசைக் குடுத்துட்டு ஏறுங்க. ரோட் ட்ராஃபிக் மோசமான ஊர்ல சாயந்தரம் எறங்கினாலும் குடுக்கலாம். ரெண்டு பேர் ஆனதும் யோசிக்கணும், மூணு பேருக்கு மேலன்னா அநேகமா காருதான் லாபம். எறங்கின பொறகு இன்னும் ரெண்டு ரயில் மாறணும்னா அந்த வேகத்துல ஒரு பிரயோசனமும் இல்ல. ஷங்காய்ல காந்த ரயில் 30 கிலோமீட்டரை எட்டு நிமிஷத்துல ஓடும், பார்க்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா சிட்டிக்கு வெளிய லொங்யாங் ரோட்ல எறக்கி விட்டுட்டு மிச்சத்துக்கு நீ மெட்ரோ புடினு சொல்லிடும்.

சண்டை எதுக்கு, நமக்கு அதுல என்ன

கூடின விலை வேணும்னு சொல்றவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. ப்ளேன் டிக்கட்டுக்கு அவ்வளவு குடுக்கிற ஆளு ரயிலுக்கும் குடுக்கட்டும், வருசத்துல ஒரு தடவைகூட ப்ளேன் ஏறாத சனத்தோட வரியில எதுக்கு அந்த ரயிலை ஓட்டணும்னு கேக்கிறாங்க. ஹொங்கொங்ல 1998ல இருந்து அப்படி ஒண்ணு 24 நிமிஷத்துல நல்லாத்தான் ஓடுது, சாதாரணச் சனத்துக்கு அங்க பஸ்ஸும் இருக்கு, துங் சுங் வழியா மெட்ரோவும் இருக்கு. அதுதான் முக்கியம், பக்கத்துல இன்னொரு வழி இருக்கணும்.

அது இல்லாத எடத்துலதான் வயிறு எரியுது. டெல்லியில 2011ல எயார்போர்ட் லைனைத் தனியார்கிட்ட குடுத்தாங்க, அடுத்த வருசமே பழுதுனு மாசக்கணக்கா மூடிக்கிடந்துச்சு, 2013ல அந்தக் கம்பெனி கையை விரிச்சிட்டு டெல்லி மெட்ரோகிட்ட விட்டுட்டுப் போயிருச்சு, மெட்ரோக்காரங்க விலையைக் குறைச்ச பொறகுதான் ஆள் ஏறிச்சு. பாரிஸ்ல இப்ப சார்ல் டி கோல் எயார்போர்ட்டுக்குத் தனி எக்ஸ்பிரஸ் கட்டுறாங்க, லா ஷப்பல் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க ஏறுற ஆர்இஆர் பிங்கிற சாதாரண ரயில் நெரிசல்லயும் பழுதுலயும் ஓடுது, மொதல்ல அதைத் திருத்துங்கடானு அந்தப் பக்கத்துச் சனம் போராடினதுல ஒரு பிழையும் இல்ல.

இது நமக்குப் புதுசு இல்ல. நானுஓயாவுக்கு 1885லயும் பதுளைக்கு 1924லயும் கொண்டு போன லைன், தேயிலைப் பெட்டியை எறக்கத்தான் போட்டாங்க. இன்னைக்கு எல்ல ஊர்ப் பக்கம் போற ரிசர்வ் சீட்டெல்லாம் திறந்த கையோட முடிஞ்சு, பொறகு வெளிய பல மடங்கு விலைக்கு விக்கிறாங்கனு நாடே பேசினது. டூரிஸ்ட் காசு வரட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அட்டன் ஸ்டேஷன்ல கைப்புள்ளையோட ஏறுற பொம்பளை மூணாம் கிளாஸ்ல கதவுகிட்ட தொங்கிக்கிட்டுப் போறதும் அதே கோச்சிதான். கூடின விலைப் பெட்டி ஒண்ணு சேர்த்தா சாதாரணப் பெட்டி ஒண்ணும் சேர்க்கணும், எயார்போர்ட் ரயிலுக்கும் நான் கேக்கிறது அதேதான்.

கட்டுநாயக்கவுக்கு டெர்மினல் வாசல் வரைக்கும் ரயில் இன்னும் இல்ல. வரும் வரும்னு பேச்சு மட்டும் ஓயாம வந்துக்கிட்டு இருக்கு. வாற காலத்துல யாராவது உங்க ஊருக்கு ஓட்டுக் கேட்டு வந்து அதைப் பத்திப் பேசினா மூணு கேள்வி கேளுங்க: அதே தண்டவாளத்துல நின்னு போற சாதாரண ரயிலும் ஓடுமா, 1978ல இருந்து அங்க இருக்கிற சுதந்திர வர்த்தக வலயத்துக்கு வேலைக்குப் போற நம்ம தோட்டத்துப் புள்ளைங்களுக்கும் எயார்போர்ட்ல கூட்டித் துடைக்கிறவங்களுக்கும் மாச சீசன் டிக்கட் உண்டா, பதுளையில இருந்து வாற ரயிலோட நேரம் ஒத்துப்போய் ஒரே டிக்கட்டுல வரலாமா. இதுக்கெல்லாம் பதில் இல்லாம வெறும் நிமிஷத்தை மட்டும் சொன்னா அது கொழும்பு ஹோட்டலுக்குப் போறவனுக்குப் போடுற ரயில்.

அதுவரைக்கும் இருக்கிறதை வச்சுத்தான் போகணும். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல்ல மலைநாட்டு லைன் மண்சரிவுல பல எடத்துல உடைஞ்சது, அதனால கோச்சியை நம்பிக் கெளம்புறதுக்கு முந்தி உங்க ஸ்டேஷனுக்கு ஒரு கோல் எடுத்து எதுவரைக்கும் ஓடுதுனு கேட்டுக்கங்க. ரயில்ல வாறவங்க கொழும்புக் கோட்டைக்குப் போகணும்னு இல்ல, உங்க ரயில் ராகமயில நிக்குமானு பாருங்க, புத்தளம் லைன் அங்கதான் பிரியுது, நீர்கொழும்பு ரயில்ல ஏறி கட்டுநாயக்கவுல எறங்கி அங்க இருந்து த்ரீவீல். கண்டி பக்கத்து ஆளுங்க நீர்கொழும்பு பஸ்ல வாறது சுகம். குடும்பமே வழியனுப்ப வாறதுன்னா வேன் ஹயர்தான், அதே ராத்திரி ஃப்ளைட் இருக்கிற பக்கத்துத் தோட்டத்துக்காரங்க யாராவது இருந்தா சேர்ந்து புடிங்க, வேன்காரன்கிட்ட ஹைவே காசும் பார்க்கிங்கும் சேர்த்தா சொல்றானு முந்தியே பேசிடுங்க. கோட்டையில இருந்து வாறவங்களுக்கு 187 பஸ், அதுல ஹைவேல வாறதைப் பார்த்து ஏறுங்க, டெர்மினல் வரைக்கும் போகுமா இல்ல அவரிவத்த பஸ் ஸ்டாண்டோட நிக்குமானு கொண்டக்டரைக் கேளுங்க. பெரிய பெட்டி சீட்டை அடைச்சா அதுக்கும் ஒரு ஆளுக் காசு கேப்பாங்க, பெட்டியை மேல ஏத்துறதுக்கு முந்தியே பேசிக்கங்க.